அப்பாவின் வலது பாதம்: எலும்புத் தொற்றைத் தேடிய மூன்று ஸ்கேன்கள்

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் நடக்கும். அன்று ஊரில் பாதிப் பேர் செருப்பில்லாமல்தான் நடப்பார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் தார்ச்சாலை அடுப்புக்கல்லைப் போலக் காய்ந்திருக்க, அறுபத்து மூன்று வயதான என் அப்பாவும் அப்படித்தான் நடந்துவிட்டு வந்தார். கால் சுட்டதாக அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுட்டது அவருக்குத் தெரியாது என்பதே காரணம். பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள அவருடைய உள்ளங்கால்கள் மரத்துப் போய் மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. "பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்குது" என்று அவ்வப்போது சொல்வார். நாங்களும் அதை வயதின் கோளாறு என்று எடுத்துக்கொண்டோம். ஊர்வலம் முடிந்த நான்காம் நாள், தறிக்குழியின் ஓரத்தில் ஈரமாக ஏதோ ஒட்டியிருப்பதை அம்மா பார்த்தார். வலது காலின் பெருவிரலுக்கு அடியில், பாதம் தரையில் முதலில் அழுந்தும் அந்த மேட்டில், கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது.

குழித்தறியில் நெய்கிறவர்களுக்கு அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரியும். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மாறி மாறி அழுத்தினால்தான் பாவு பிரியும், நாடா ஓடும். ஒரு லுங்கி முடிவதற்குள் எத்தனை ஆயிரம் முறை அந்த மேடு மிதிகட்டையில் அழுந்துகிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வலி தெரிகிற கால் தானாகவே அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும். அப்பாவின் கால் மாற்றிக்கொள்ளவில்லை. பக்கத்துத் தெரு கிளினிக்கில் புண்ணைத் துடைத்துக் கட்டி, ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பாதி ஆறியது, மறுபடி நெய்தார், மறுபடி திறந்தது. அதே பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மூன்று முறை அதே மாத்திரையை வாங்கிக் கொடுத்தவள் நான். அது எத்தகைய தவறு என்பது பிறகுதான் விளங்கியது. அவ்வப்போது அரைகுறையாகக் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் கிருமியை ஒழிப்பதில்லை. ஆனால் பின்னால் எலும்பைத் துளைத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும்போது அது வளராதபடி மறைத்துவிடும்.

ஆடி மாதத்தில் புண்ணின் அளவு பெரிதாக மாறவில்லை என்றாலும், பாதம் முழுவதும் வீங்கி, சிவந்து, தொட்டால் சுடுகிற அளவுக்குக் கொதித்தது. காய்ச்சல் இல்லை, வலியும் ஏறக்குறைய இல்லை. எக்ஸ்ரேயில் நடுப்பாதத்தின் சிறு எலும்புகள் உடைந்து இடம் மாறிக் கிடந்தன. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் இரண்டும் உயர்ந்திருந்தன. நாங்கள் முதலில் சென்ற மருத்துவமனையில், எலும்பில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க போன் ஸ்கேன் எனப்படும் எலும்பு ஸ்கேன் எடுத்து வரும்படி எழுதிக் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்புத் தொற்று தெரிவதற்கே பத்துப் பதினான்கு நாட்களுக்கு மேல் ஆகும், எலும்பின் சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்குக்கும் குறையாமல் கரைந்த பிறகே படத்தில் குழி விழும், ஆனால் போன் ஸ்கேன் ஓரிரு நாட்களிலேயே மாற்றத்தைக் காட்டிவிடும் என்று அங்கே சொன்னது உண்மைதான். அவர்கள் சொல்லாமல் விட்டது வேறொன்று.

நான் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். அணுக்கரு இயற்பியல் பாடத்தில் அரை ஆயுட்காலத்தைக் கரும்பலகையில் பல ஆண்டுகளாக எழுதியிருக்கிறேன். அந்தப் பாடம் என் தகப்பனாரின் கை நரம்பில் இறங்கும் நாளில்தான் அது எனக்கு உயிருள்ள விஷயமாயிற்று. ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் என்ற பொருளின் அரை ஆயுட்காலம் சுமார் 6 மணி நேரம். அதைப் பெற்றெடுக்கும் மாலிப்டினம்-99க்கு 66 மணி நேரம். தாய்த் தனிமத்தை ஈயக் கவசமிட்ட ஒரு சிறு கலத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அன்றாடம் காலையில் உப்புநீர் விட்டு அதிலிருந்து டெக்னீசியத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். அத்துறையினர் இதைப் பசு கறப்பது என்றே சொல்வார்கள். 1937இல் மனிதர் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் இது. இதைப் பாஸ்பேட் வகைச் சேர்மம் ஒன்றோடு இணைத்து ஊசியாகப் போட்டால், உடம்பில் எங்கெல்லாம் புது எலும்பு மும்முரமாகக் கட்டப்படுகிறதோ அங்கெல்லாம் அது போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து வெளிவரும் காமாக் கதிர்களைக் கேமரா வாங்கிப் படமாக்கும். எக்ஸ்ரே இயந்திரம் கதிரை உடம்புக்குள் செலுத்துகிறது. இந்தக் கேமராவோ எதையும் செலுத்துவதில்லை, உடம்பிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ள மட்டுமே செய்கிறது. "உள்ள கரண்ட் எதாச்சும் வுடுவாங்களாம்மா?" என்று பயந்த அப்பாவுக்கு இதை நான் விளக்கிய பிறகே அவர் கேமராவின் கீழ் அசையாமல் படுத்தார்.

மூன்று கட்டமாக எடுத்தார்கள். ஊசி போடும்போதே பாதங்கள் கேமராவின் மேல் இருந்தன. இரத்தம் பாதத்துக்குள் பாய்வதை முதல் ஒரு நிமிடம் சில நொடிகளுக்கு ஒரு படமாக எடுத்தார்கள். அடுத்த சில நிமிடங்களில் இரத்தம் திசுக்களில் தேங்கி நிற்கும் படம். பிறகு மூன்று மணி நேரம் காத்திருக்கச் சொல்லி, நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழித்துவிட்டு வந்ததும் எலும்புப் படம். ஊசி மருந்து அதிகம் சேர்ந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். மூன்றிலும் வலது நடுப்பாதமும் பெருவிரலின் அடியும் கறுத்துத் தெரிந்தன. மூன்று கட்டங்களிலும் உட்கவர்ச்சி, அதாவது மருந்து சேர்வது, கூடியிருப்பதால் எலும்புத் தொற்றுக்குப் பொருந்துகிறது என்று அறிக்கை வந்தது. அதைப் பார்த்த அறுவை மருத்துவர், தொற்று நடுப்பாதம் முழுவதும் பரவியிருப்பதால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதே உயிருக்குப் பாதுகாப்பு என்றார். அவர் அதைக் கல்நெஞ்சோடு சொல்லவில்லை. காலதாமதத்தால் உயிரிழந்தவர்களைப் பார்த்தவரின் அவசரம் அது. ஆனாலும் அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது, "காலில்லாம தறியில எப்படிம்மா உக்கார்றது" என்று அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் அண்ணனின் வற்புறுத்தலால் கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழியாக வேலூருக்கு இரண்டாம் கருத்துக் கேட்கப் போனோம். அங்கே நாங்கள் பார்த்த மூத்த மருத்துவர் அறிக்கையைப் படிப்பதற்கு முன்னால் காலைப் பார்த்தார். அப்பாவைப் படுக்கவைத்து வலது காலைச் சில நிமிடங்கள் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். நடுப்பாதத்தின் சிவப்பு கண்ணெதிரே வடிந்தது. தோலின் தொற்றாக இருந்தால் அப்படி எளிதில் வடியாது என்றார். பிறகு கூர்மழுங்கிய எஃகுக் கம்பி ஒன்றைப் பெருவிரலுக்கு அடியிலுள்ள புண்ணுக்குள் மெதுவாக விட்டார்; அது கல்லில் தட்டியதுபோல எலும்பில் தட்டியது. "ரெண்டு வெவ்வேற விஷயம் ஒரே கால்ல இருக்கலாம்" என்று அவர் சொன்ன அந்த வாக்கியம்தான் எங்கள் பாதையை மாற்றியது.

அவர் சந்தேகித்த இரண்டாவது விஷயத்துக்குச் சார்க்காட் பாதம் என்று பெயர். 1868இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் சார்க்காட் விவரித்த மூட்டுச் சிதைவு அது. சர்க்கரை நோயாலும் அது வரும் என்பது 1936இல் பதிவாயிற்று. உணர்ச்சியற்ற பாதத்தில் சிறு அடியோ சுளுக்கோ ஏற்பட்டால், வலி தடுக்காததால் மனிதர் நடந்துகொண்டே இருப்பார். எலும்புகள் நொறுங்கும், இரத்த ஓட்டம் பெருகும், பாதம் வீங்கிக் கொதிக்கும். அதில் கிருமி இல்லை. ஆனால் இரத்தம் அதிகம் பாய்கிறது, திசுவில் தேங்குகிறது, எலும்பு உடைந்து மறுபடி கட்டப்படுகிறது. போன் ஸ்கேனின் மூன்று கட்டங்களும் தேடுவது இதே மூன்றைத்தான். ஆகவே சார்க்காட் பாதமும் மூன்று கட்டங்களிலும் கறுத்தே தெரியும், தொற்றுள்ள எலும்பும் கறுத்தே தெரியும். அந்த ஸ்கேன் பொய் சொல்லவில்லை. அதனிடம் நாங்கள் கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் சக்தி அதற்கு இல்லை. எந்த நோயும் அறுவையும் இல்லாத எலும்பில் போன் ஸ்கேன் இயல்பாக இருந்தால் தொற்று பெரும்பாலும் இல்லை என்று நம்பலாம். முன்பே உடைந்த எலும்பு, அறுவை செய்த எலும்பு, சார்க்காட் பாதம் ஆகியவற்றில் அது கறுத்தால், அங்கே ஏதோ நடக்கிறது என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பே யாராவது இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் நாங்கள் பத்து நாட்கள் உறக்கமில்லாமல் இருந்திருக்க மாட்டோம்.

எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். நடுப்பாத எலும்புகளின் மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதாகவும், அது சார்க்காட்டாகவும் இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம் என்றும் அதன் அறிக்கை வந்தது. அதன் பிறகே வெள்ளை அணு ஸ்கேனுக்கு எழுதினார்கள். அதே கேள்விக்குச் சில இடங்களில் பெட் ஸ்கேனையும் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், அதற்குக் கொடுக்கும் ஊசி சர்க்கரையின் உருவை ஒத்தது. இரத்தத்தில் சர்க்கரை 200க்குக் கீழே இருந்தால்தான் படம் நம்பகமாக இருக்கும். அந்த வாரம் அப்பாவுக்கு 260க்கும் 300க்கும் இடையில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

வெள்ளை அணு ஸ்கேனின் தத்துவம் எளிமையானது. கிருமி எங்கே இருக்கிறதோ அங்கே உடம்பின் வெள்ளை அணுக்கள் தேடிப் போகும். எனவே நோயாளியின் சொந்த வெள்ளை அணுக்களையே எடுத்து, அவற்றில் டெக்னீசியத்தை ஏற்றி, திரும்ப உடம்பில் விட்டு, அவை போகும் வழியைப் பின்தொடர்கிறார்கள். தத்துவம் எளிமையே தவிர, வேலை நுணுக்கமானது. காலையில் அப்பாவிடமிருந்து ஏறக்குறைய 50 மில்லி இரத்தத்தைச் சற்றுப் பெரிய ஊசியால், உறையாமலிருக்கும் திரவத்தோடு எடுத்தார்கள். சிவப்பு அணுக்கள் அடியில் படியும்வரை அதை நிறுத்திவைத்து, மேலே நிற்பதைப் பிரித்து, சுழலியில் சுற்றி, வெள்ளை அணுக்களைத் தனியாக்கி, அதில் மருந்தைச் சேர்த்து, ஒட்டாமல் மிஞ்சியதைக் கழுவி, இரண்டு மணி நேரத்துக்கும் மேலான வேலைக்குப் பிறகு அவருடைய கையிலேயே திரும்ப ஏற்றினார்கள். இதையெல்லாம் கிருமி படாத தனியறையில், பழகிய கைகள்தான் செய்ய வேண்டும். அணுக்களைக் கடுமையாகக் கையாண்டால் அவை அடிபட்டு, புண்ணைத் தேடிப் போகாமல் நுரையீரலிலேயே தங்கிவிடும். ஆகவேதான் போன் ஸ்கேன் பல ஊர்களில் கிடைக்கிறது, வெள்ளை அணு ஸ்கேன் சில இடங்களில் மட்டுமே கிடைக்கிறது. கிடைக்கும் இடத்திலும் எல்லா நாளும் செய்வதில்லை. முன்கூட்டி நாள் வாங்கிக்கொள்ளாமல் போனால் அலைச்சல்தான்.

இந்தச் சோதனைக்குப் போகிறவர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. எடுத்த இரத்தம் திரும்பவும் ஒருவர் உடம்புக்குள் போகிறது. அது அவருடைய இரத்தம்தானா என்பதை ஏற்றுவதற்கு முன் பெயரும் மருத்துவமனை எண்ணும் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். எங்கள் முன்னிலையில் இரண்டு பேர் தனித்தனியே படித்துச் சரிபார்த்தார்கள். அப்பாவின் வாயாலும் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அதே பெயருடைய இன்னொரு பெரியவர் அன்று அந்த வரிசையில் இருந்தார் என்பதைச் சொன்னால், அந்த ஒரு நிமிடத்தின் மதிப்பு விளங்கும். யாரும் கேட்காவிட்டால் நாமே கேட்கலாம். அதற்காக எந்த நல்ல சிஸ்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதல் படத்தை ஊசி போட்ட ஒரு மணி நேரத்திலும், அடுத்ததை நான்காம் மணியிலும், மூன்றாவதை மறுநாள் காலையிலும் எடுத்தார்கள். இரவு வேலூரிலேயே தங்க வேண்டியிருந்தது. ஒரே நாளில் முடியும் என்று நினைத்து மாற்றுத்துணியும் இன்சுலினும் இல்லாமல் வந்திருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். புறப்படும் முன்பே எத்தனை நாள், எத்தனை முறை படம் என்று கேட்டுவிடுவது நல்லது. இந்த மூன்று நேரமும் சும்மா வைக்கப்பட்டதில்லை. தொற்றுள்ள இடத்தில் வெள்ளை அணுக்கள் மணிக்கு மணி சேர்ந்துகொண்டே போகும். வெறும் வீக்கமாக இருந்தால் முதலில் தெரிந்தது பிறகு அப்படியே நிற்கும் அல்லது மங்கும். ஆகவே மறுநாள் படத்துக்குப் போகாமல் ஊருக்குத் திரும்பிவிட்டால் சோதனையின் பாதி உயிர் போய்விடும். படத்தோடு சி.டி. ஸ்கேனையும் சேர்த்து எடுத்தார்கள். பாதத்தின் எலும்புகள் நெல்மணிகளைப் போல நெருங்கிக் கிடப்பதால், கறுப்பு விழுந்தது தோலுக்கடியிலுள்ள சதையிலா எலும்பிலா என்று சி.டி. இல்லாமல் சொல்வது கடினம்.

பெருவிரல் அடியிலுள்ள எலும்பின் தலைப்பகுதியில் கறுப்பு நேரத்தோடு கூடிக்கொண்டே போயிற்று. அது எதிர்பார்த்ததுதான். எங்களைக் கலங்கவைத்தது, நடுப்பாதத்திலும் வெள்ளை அணுக்கள் சேர்ந்திருந்தது. அப்படியானால் முதல் மருத்துவர் சொன்னதுதான் சரியா என்று அண்ணன் கேட்டார். அணு மருத்துவத் துறையின் மருத்துவர் எங்களை உள்ளே அழைத்துத் திரையில் படத்தைக் காட்டி, இன்னும் முடிவு சொல்ல முடியாது என்றார். வெள்ளை அணுக்கள் கிருமியைத் தேடி மட்டும் போவதில்லை. எலும்பு மஜ்ஜையிலும் இயல்பாகவே தங்கும். பெரியவர்களின் பாதத்தில் இரத்தம் உற்பத்தி செய்யும் மஜ்ஜை சாதாரணமாக இருக்காது, கொழுப்பு மஜ்ஜைதான் இருக்கும். ஆனால் சார்க்காட் பாதத்தில் எலும்புகள் நொறுங்கிக் கட்டப்படும்போது மஜ்ஜை மறுபடி விழித்துக்கொள்ளக்கூடும். நடுப்பாதத்தில் தெரிவது கிருமியா, விழித்த மஜ்ஜையா என்று அறிய மூன்றாவதாக ஒரு ஸ்கேன் வேண்டும்.

உடம்பில் ஏற்றியிருந்த டெக்னீசியம் அடங்குவதற்காகச் சில நாட்கள் இடைவெளி விட்டு மஜ்ஜை ஸ்கேன் எடுத்தார்கள். கந்தகக் கூழ்மம் என்று சொல்லத்தக்க ஒரு ஊசி. அது மஜ்ஜைக்குப் போகும், கிருமி இருக்கும் இடத்துக்குப் போகாது. அரை மணி நேரத்தில் படம் முடிந்துவிட்டது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்தபோது, படிப்பில்லாத அப்பாவுக்கே விளங்கியது. நடுப்பாதத்தில் வெள்ளை அணு எங்கே கறுத்திருந்ததோ அங்கேயெல்லாம் மஜ்ஜையும் கறுத்திருந்தது: இரண்டும் ஒத்துப்போவதால் அது மஜ்ஜை, தொற்று அல்ல. பெருவிரலின் அடியில் வெள்ளை அணுக்கள் உண்டு, மஜ்ஜை இல்லை: அது தொற்று. வெட்டப்பட வேண்டியது முழங்காலுக்குக் கீழே இருந்த கால் முழுவதும் அல்ல, ஒரு எலும்பின் நுனி மட்டுமே. அப்பா திரையை விரலால் தொட்டுக் காட்டி, "இத மட்டும் எடுத்தா போதுமா சார்?" என்று கேட்டார். மருத்துவர் அதற்கும் உடனே ஆம் என்று சொல்லவில்லை. எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும், அதைப் படம் சொல்லாது என்றார்.

இதை நான் மறக்காமல் எழுத வேண்டும். எத்தனை நுட்பமான ஸ்கேனும் கிருமியின் பெயரைச் சொல்லாது. எலும்பில் ஊசி துளைத்துத் துணுக்கெடுத்து வளர்த்துப் பார்த்தால்தான் எந்த மருந்து வேலை செய்யும் என்று தெரியும். அப்பாவுக்குக் காய்ச்சலோ சீழ் பரவலோ இல்லாததால், மருத்துவர் சொல்லி, ஆன்டிபயாடிக்கை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, புண்ணின் வழியாக அல்லாமல் பக்கத்திலுள்ள நல்ல தோலின் வழியாகத் துணுக்கு எடுத்தார்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. நான் மூன்று முறை வாங்கிக் கொடுத்த மாத்திரைக்கு அது கட்டுப்படாத வகை. இப்படி நிறுத்துவது நாமாக எடுக்கும் முடிவு அல்ல. காய்ச்சல், நடுக்கம், வேகமாகப் பரவும் சிவப்பு இருப்பவருக்கு ஒரு வேளை மருந்தைக்கூட நிறுத்தக் கூடாது. அந்த எலும்பின் தலையை நீக்கி, எந்த மருந்துக்குக் கிருமி அடங்குமோ அதையே ஆறு வாரம் கொடுத்தார்கள்.

காத்திருக்கும் கூடத்தில் கழித்த மணிகளில் மற்றவர்களின் கதைகளும் காதில் விழுந்தன. ஆம்பூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றி எட்டு மாதம் ஆகி வலி நிற்கவில்லை. அவருக்கு எடுத்த போன் ஸ்கேனும் கறுத்திருந்தது. மூட்டு மாற்றிய முழங்காலைச் சுற்றி, எல்லாம் நலமாக இருந்தாலும், ஓராண்டுக்கு மேலும் எலும்பு தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கும் என்பதால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்து அணுக்களை எண்ணிக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாத்தாவுக்கு முதுகுத்தண்டில் வலி. முதுகெலும்பில் மஜ்ஜை நிறைந்திருப்பதால் அங்கே வெள்ளை அணு ஸ்கேன் குழப்பமே தரும், எம்.ஆர்.ஐ., அது போதாதபோது பெட் ஸ்கேன் என்று போவார்கள். நம் பக்கத்தில் முதுகெலும்புத் தொற்று என்றாலே காசநோயையும் நினைத்துப் பார்த்தாக வேண்டும். ஒருவருக்கு உதவிய ஸ்கேனை இன்னொருவர் பெயர் சொல்லிக் கேட்பதில் பயனில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இப்போது மருத்துவர் யாருக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தாலும், ஒரே ஒரு கேள்வியை அவரிடம் கேட்கச் சொல்கிறேன்: இது கறுத்து வந்தால் என்ன செய்வீர்கள், கறுக்காமல் வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தப் படம் இப்போது தேவைப்படாமல் இருக்கலாம். அதோடு, பழைய அறுவை, பழைய எலும்பு முறிவு, இரும்புத் தகடு, எப்போது எந்த மாத்திரை நின்றது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் படம் எடுப்பவரிடமே கொடுக்க வேண்டும். எங்கள் முதல் போன் ஸ்கேன் சீட்டில் "காலில் புண்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. பாதம் மரத்திருப்பதையோ நடுப்பாத எலும்புகள் உடைந்திருப்பதையோ அந்தப் படத்தைப் பார்த்து அறிக்கை எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை.

கதிர்வீச்சைப் பற்றி உறவினர்கள் நிறையப் பயமுறுத்தினார்கள். போன் ஸ்கேனால் உடம்புக்குச் சேர்வது ஏறக்குறைய 4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம் எல்லோருக்கும் ஓர் ஆண்டில் இயல்பாகச் சேர்வதன் உலகச் சராசரி 2.4. ஒரு நாள் கழிவதற்குள் டெக்னீசியம் நான்கு முறை பாதியாகிப் பதினாறில் ஒரு பங்காகிவிடும். தண்ணீர் குடித்தால் பெரும்பகுதி அதற்கு முன்பே சிறுநீரில் போய்விடும். அன்று என் தங்கை ஆறு மாதக் கர்ப்பிணி. துணைக்கு வருகிறேன் என்றவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பேரக்குழந்தையை அப்பா மறுநாள் வரை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகமோ, பால் குடிக்கும் குழந்தையோ உள்ள பெண்கள் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். இதற்கு மேல் அஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை. கால் போகும் என்ற அச்சத்தோடு ஒப்பிட்டால் இது எங்களுக்கு அச்சமாகவே தோன்றவில்லை.

நடுப்பாதத்துக்கு மருந்து கிடையாது, ஓய்வுதான். பாதத்தை ஒட்டி முழங்காலுக்குக் கீழ்வரை மாவுக்கட்டுப் போட்டு, வீக்கம் குறையக் குறைய மாற்றிப் போட்டு, ஏறக்குறைய ஐந்து மாதம் வைத்திருந்தார்கள். அந்த மாதங்களில்தான் கரிகிரியைப் பற்றிய பழைய செய்தியை ஒரு சிஸ்டர் சொன்னார். 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டே தேய்கின்றன என்று கண்டவர். 1955இல் தொடங்கிய கரிகிரித் தொழுநோய் மையத்திலும் அவருடைய பணி தொடர்ந்தது. உணர்ச்சியற்ற பாதத்தின் புண்ணை மாவுக்கட்டுக்குள் வைத்து ஆற்றும் முறையை அவர் பிற்காலத்தில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனை வரை கொண்டு சென்றார்; அங்கே அது சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பரவியது. எங்கள் மாவட்டத்தில் ஐம்பதுகளில் பாதிக்கப்பட்ட ஏழைகளின் கால்களிலிருந்து கற்ற பாடம் என் அப்பாவின் காலைத் தாங்கி நின்றது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்பா இப்போது மிதிகட்டையை மிதிப்பதில்லை. தறியில் அண்ணன் உட்காருகிறார். அப்பா ராட்டையில் தார் சுற்றிக் கொடுக்கிறார். மென்ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. போன வைகாசியில் சிரசு ஊர்வலத்தை வாசல் திண்ணையில், செருப்போடு உட்கார்ந்தே கும்பிட்டார். ஒவ்வோர் இரவும் அம்மா அவருடைய இரண்டு உள்ளங்கால்களையும் கண்ணாடி பிடித்துப் பார்த்துவிட்டு, நெற்றியில் காட்டும் வெப்பமானியால் இரண்டு பாதங்களின் சூட்டையும் அளந்து நாட்காட்டியில் குறிக்கிறார். ஒன்றைவிட மற்றொன்று 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு, மறுநாளும் அப்படியே இருந்தால் நடையை நிறுத்திவிட்டு வேலூருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட விதி. நேற்றைய தேதிக்கு எதிரே அம்மாவின் எழுத்தில் இடது 31.4, வலது 31.8 என்று இருக்கிறது.